என் அம்மாச்சி மேல் கேஸ் போடும் காதல் படம்! | கோட் 46

எங்கள் அம்மாச்சி கட்டிக்கொண்டது அவருடைய சொந்தத் தாய்மாமனை. பிள்ளைகள் நாலு. 2003-ல் வந்த ஓர் இங்கிலீஷ் படத்தின் சட்டப்படி இது கிரிமினல் குற்றம். அந்தச் சட்டத்தில், உறவு என்று தெரியாமல் பிள்ளை உண்டானால் விஷயம் ஆஸ்பத்திரியோடு முடிந்துவிடும். தெரிந்தே என்றால்தான் கேஸ். அம்மாச்சிக்கு மட்டுமா தெரியும்? பத்திரிகை அடித்து, பந்தக்கால் நட்டு, மைக் செட் கட்டி ஊருக்கே சொல்லியிருக்கிறார்கள்!

வணக்கம் மக்களே. வில்லிவாக்கம் மொட்டைமாடி ரூமிலிருந்து பேசுகிறேன், நடுவில் குக்கர் விசில் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் பெயர் 'கோட் 46'. கோட் (Code) என்றால் இங்கே சட்ட விதி. இயக்கம் மைக்கேல் விண்டர்பாட்டம், நடிப்பு டிம் ராபின்ஸ், சமந்தா மார்ட்டன். நம்ம ஓம் பூரிக்கும் ஒரு சின்ன வேடம் உண்டு. செட் போடாமல் நிஜ ஷாங்காயையும் துபாயையும் எடுத்து எதிர்காலம் என்று காட்டியிருக்கிறார்கள். பயோடேட்டா போதும்.

கதை இதுதான். ஊர் விட்டு ஊர் போக ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். 2003-ல் பார்த்தவர்களுக்கு இது கற்பனையாக இருந்திருக்கும். 2020-ல் செங்கல்பட்டு தாண்டுவதற்கு இ-பாஸ் போட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்த நமக்கு? சரி, ஷாங்காயில் யாரோ அந்தச் சீட்டைத் திருட்டுத்தனமாக வெளியே விடுகிறார்கள். விசாரிக்க சியாட்டிலிலிருந்து வில்லியம் வருகிறான். செய்தது மரியா என்று கண்டும் பிடித்துவிடுகிறான். பிடித்துக் கொடுக்காமல் காதலிக்கிறான். ஊரில் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். மனிதனுக்கு 46 குரோமோசோம், பெயர்க் காரணம் அதுதான். குளோனிங் (ஒருவரை ஜீன் மாறாமல் நகலெடுப்பது), ஐவிஎஃப் (சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு), ஒரே கருவை இரண்டாகப் பிரிப்பது என்று போய், யார் யாருக்கு ரத்த சம்பந்தம் என்றே தெரியாத உலகம். அதனால் பிள்ளை பெறும் முன் இருவருக்கும் டெஸ்ட். ஜீன் ஒற்றுமை 100, 50, 25 சதவீதம் வந்தால் அனுமதி கிடையாது.

இதைப் பார்த்ததும் படத்தை நிறுத்திவிட்டு ஒரு பேப்பரை எடுத்தேன். (திரையில்: பேப்பர்)

அப்பா அம்மாவோடு 50. தாய்மாமனும் அக்கா மகளும் 25. அவுட். அத்தை மகள், மாமன் மகன்? 12.5. பாஸ்! ஆனால் இங்கேதான் வேடிக்கை. சித்தப்பா மகளும் அதே 12.5 தான். அத்தை மகளிடம் வம்பு பேசினால் வீடே சிரிக்கும். சித்தப்பா மகளிடம் அதையே பேசினால் செருப்பு பிய்ந்துவிடும், அவள் தங்கச்சி. ஜீன் கணக்கில் இரண்டு பேருக்கும் ஒரே மார்க்! டெஸ்ட் எடுக்கும் மெஷினுக்கு 'பங்காளி' என்ற வார்த்தையே தெரியாது.

இன்னும் கேளுங்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள் இருக்கின்றன அல்லவா? அண்ணன் தங்கை இங்கே, அண்ணன் தங்கை அங்கே, மாற்றிக் கட்டிக்கொண்டவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்குள் அப்பா வழியிலும் உறவு, அம்மா வழியிலும் உறவு. 12.5-ம் 12.5-ம் சேர்ந்து 25. நம் ஊரில் 'விட்டுப் போகாத சொந்தம்' என்று சந்தோஷமாக முடித்துவைப்போம். படத்தில் போலீஸ் வரும்.

நம் நாட்டுச் சட்டம் கொஞ்சம் விவரமானது. 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவுகளைத் தடுத்துவிட்டு, வழக்கம் இருந்தால் சரி என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதற்காகச் சொந்தத்தில் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே கோளாறுள்ள ஜீன் இரண்டு பக்கமிருந்தும் வந்து பிள்ளையிடம் சேரும் ஆபத்து நிஜம். டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

ஸ்பாய்லர், படம் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

மரியா கர்ப்பமாகிறாள். டெஸ்ட் சொல்கிறது: அவள் வில்லியமுடைய அம்மாவின் குளோன்! ஒருவரையொருவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. கருவைக் கலைத்து, அவன் நினைவையும் அவளிடமிருந்து அழித்துவிடுகிறார்கள். அவனை நெருங்கினால் வேலை காட்டும் ஒரு வைரஸையும் அவள் உடம்பில் ஏற்றிவிடுகிறார்கள். பிறகு இருவரும் துபாய்ப் பக்கம் ஜெபல் அலிக்கு ஓடிப்போய்ச் சேர்கிறார்கள். அன்றைக்கே அவள் தூக்கத்தில் நடப்பவள் போல எழுந்து, தன் மேல் தானே போனில் புகார் கொடுக்கிறாள். துப்பாக்கி இல்லை, சத்தம் இல்லை. எனக்கு முதுகு சில்லிட்ட இடம் அது.

இதை அம்மாச்சியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். "என்னைத் தொட்டில்ல போட்டு ஆட்டுனவருடா உங்க தாத்தா. அப்புறம் அவருதான் தாலி கட்டுனாரு. அந்தப் பையனுக்கு அது யாருன்னே தெரியாது, அதுல என்னடா அம்மா?" பதில் தெரிந்தவர்கள் கமெண்ட்டில் போடுங்கள், வாசித்துக் காட்டுகிறேன்.

ஐவிஎஃப் எல்லாம் இங்கிலீஷ்காரன் கவலை என்று நினைக்காதீர்கள். தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990-ல் பிறந்தது நம்ம நுங்கம்பாக்கத்தில். டாக்டர் கமலா செல்வராஜ், காதல் மன்னன் ஜெமினி கணேசனின் மகள்! அப்பா திரையில் காதல், மகள் லேபில் குழந்தை. 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தில், ஒருவர் தானம் கொடுத்த விந்தணுவையோ கருமுட்டையையோ ஒரு தம்பதிக்கு மேல் தரக்கூடாது. ஒரு பெண் வாழ்நாளில் ஒரே தடவைதான் கருமுட்டை தானம் செய்யலாம். முகம் தெரியாத அண்ணனும் தங்கையும் ஓஎம்ஆரில் ஒரே ஆபீஸில் சந்தித்துக்கொள்ளும் கதைக்கு நம் ஊரில் வழி குறைவு.

கிளைமாக்ஸ். வில்லியமுக்கு நினைவை அழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மரியாவுக்கு மட்டும் அழிக்கவில்லை. எல்லாம் ஞாபகத்தோடு, நகரத்துக்கு வெளியே பாலைவனத்தில் விட்டுவிடுகிறார்கள். அம்மாச்சியும் என்னோடு உட்கார்ந்து அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு அங்க மாமன் மச்சான் யாருமே இல்லியா?"