சீக்கிரம் முடித்தாலும் தோல்விதான்

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். அன்றாட வேலையை விளையாட்டுபோல ஆக்க முடியுமா என்று பேசக் கூப்பிட்டார்கள். முடியும். ஆனால் அதை நான் கெடுத்த கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் வேலை இதுதான். மேசையில் பட்டியல் தாள்கள் இருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய், சாமானை ஸ்கேன் செய்து, 'பீப்' கேட்டதும் தள்ளுவண்டியில் வைக்க வேண்டும். ஒரு ஷிப்டில் சில நூறு தடவை. பிற்பகலில் கண் சொக்கும். சரி, கொஞ்சம் உற்சாகம் வரட்டும் என்று சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினேன். ஒரு சாமானுக்கு ஒரு புள்ளி. வாரக் கடைசியில் முதலிடத்தில் இருப்பவருக்கு 20 வெள்ளி பற்றுச்சீட்டு.

முதல் வாரம் கிடங்கே பறந்தது. இரண்டாம் வாரம் பார்த்தால் பற்பசை, சோப்பு இருக்கும் வரிசையில் ஒரே நெரிசல். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் உள்ள பட்டியல்கள் மேசையிலேயே கிடந்தன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எதற்குப் புள்ளி கொடுத்தேனோ அதைத்தான் செய்தார்கள்.

என் கிடங்கில் மட்டுமா இப்படி? 2011ல் கலிபோர்னியாவில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவின் ஓட்டல்களில், சலவைக்கூடத் தொழிலாளர்களின் வேகத்தைப் பெயர் போட்டுத் திரையில் காட்டினார்கள். வேலை செய்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'மின்னணுச் சாட்டை'.

அதற்கும் முன்னால், 1973ல் வெளிவந்த ஆய்வு ஒன்று. உளவியலாளர் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் படம் வரைய ஆசைப்படும் சின்னப் பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரைய வைத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்டப் பாதி. எதுவும் சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு இந்தக் குறை வரவில்லை.

புள்ளியே கூடாது என்று சொல்ல வரவில்லை. நம் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015ல் நடைச் சவாலைத் தொடங்கி, அடிகளை எண்ணும் கைப்பட்டையை இலவசமாகக் கொடுத்தது. என் மாமியார் அதற்காகத்தான் முதலில் வீட்டைவிட்டு இறங்கினார். இப்போது பட்டை எங்கே கிடக்கிறது என்றே தெரியாது, ஆனால் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடக்கத் தோழிகள் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். என் மாமாவும் அந்தச் சவாலில் சேர்ந்தார். சோபாவில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டி அடிகளை ஏற்றினார்.

அப்புறம் பலகைக்கு என்ன ஆயிற்று? எங்கள் ஷிப்டில் புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் உண்டு. யாரும் தொடாத கனமான பட்டியலை எடுத்துக்கொண்டு பேசாமல் போவார். ஒருநாள் அவர் திருப்பிக் கொடுத்த தாளின் பின்பக்கம் 17, 19 என்று இரண்டு எண்கள்.

"என்னண்ணே இது?"

"எத்தனை நிமிஷத்துல முடிப்பேன்னு கிளம்பும்போது எழுதுவேன் தம்பி. வந்து மணி பாப்பேன். இன்னிக்கு ரெண்டு நிமிஷம் தப்பிருச்சு."

"15 நிமிஷத்துல முடிச்சிருந்தா?"

"அதுவும் தோல்விதானே!"

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. சீக்கிரம் முடித்தாலும் தோல்வி என்றால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை, முதுகும் பிழைக்கும். அரிசி எத்தனை, எந்த வரிசையில் ஃபோர்க்லிஃப்ட் வழிமறிக்கும் என்று போகும் வழியெல்லாம் மனம் கணக்குப் போடும். பல்லாங்குழியில் கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று பார்ப்போமே, அதே பரபரப்பு. தோற்றாலும் யாருக்கும் தெரியாது. இந்த ஆட்டத்தை யாரும் அவர்மேல் சுமத்தவில்லை, வேண்டாமென்றால் நாளைக்கே விட்டுவிடலாம்.

அவருடைய தாத்தா கிணற்றில் ஏற்றம் இறைத்தவராம். ஏற்றப்பாட்டில் எத்தனையாவது சால் தண்ணீர் என்கிற எண்ணிக்கையும் பாட்டோடு சேர்ந்தே வரும். கணக்குப் பிள்ளை தனியாக வேண்டாம். "பாட்டு நமக்கு வராது, அதான் எண்ணை மட்டும் வச்சுக்கிட்டேன்" என்றார்.

பலகையை அழித்துவிட்டேன். இப்போது அதில் மதியச் சாப்பாட்டு ஆர்டர் எழுதுகிறோம். தாளின் பின்பக்கம் எண் எழுதச் சொல்லி நான் யாருக்கும் உத்தரவு போடவில்லை. போட்டால் அதுவும் சாட்டையாகிவிடும். ஆனாலும் மூன்று நான்கு பேர் எழுதுகிறார்கள், பார்க்காததுபோல் இருந்துவிடுகிறேன்.

வீட்டில் துணி மடிக்கும்போது நானும் மகளும் பந்தயம் கட்டுவோம், இந்தக் கூடையில் ஜோடியில்லாத காலுறை எத்தனை என்று. நேற்று அவள் 3 என்றாள், நான் 5 என்றேன். இருந்தது 4. இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். நன்றி, வணக்கம்.