நடை மட்டும் போதாது

(மதுரையில் போக்குவரத்துக் கழக ஓய்வூதியர்களின் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அய்யாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

இங்கே ஓட்டுநர்களும் இருக்கிறீர்கள், நடத்துநர்களும் இருக்கிறீர்கள். அதனால் உங்களுக்குள் ஒரு சண்டையை மூட்டிவிட்டே பேச்சைத் தொடங்குகிறேன். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-ல் முடிவுகளை வெளியிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டியவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்தவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது.

நடத்துநர்கள் கைதட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மூன்று வருடம் கழித்து அதே மோரிஸ் இன்னொரு கட்டுரை எழுதினார். சீருடை தைக்க எடுத்த அளவுகளைப் பார்த்தால், இளவயது ஓட்டுநர்களுக்கே இடுப்பளவு கூடுதல். அப்படியென்றால் நடத்துநர்களைக் காப்பாற்றியது படிக்கட்டா, முதலிலேயே ஒல்லியாக இருந்த உடம்பா? தன் ஆய்வின் மீதே சந்தேகம் கிளப்பத் துணிந்தார் மனிதர். வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவம் ஒருநாளும் அப்படிச் செய்யாது. பின்னால் வந்த எத்தனையோ ஆய்வுகள், அசைகிற உடம்புக்கு நன்மை உண்டு என்பதை உறுதி செய்துவிட்டன.

சரி, எவ்வளவு அசைய வேண்டும்? காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். 'பத்தாயிரம் அடி' என்று போனில் எண்ணிக்கொண்டு நடப்பீர்கள். அந்தப் பத்தாயிரம், 1965 வாக்கில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க அதற்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பெண்கள் 16,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. நாளுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் நன்றாகவே குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை. அதனால் பத்தாயிரம் எட்டவில்லையே என்று ராத்திரியில் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து பேரப்பிள்ளைகளை எழுப்பாதீர்கள்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நடையைப் பற்றி அல்ல, தொடையைப் பற்றி.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்று இருக்கிறது. அந்த வரி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே, வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, பெரியவர்களுக்கு மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி என்றும் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. என்னிடம் வருகிறவர்களில் பலர் தினமும் நடக்கிறவர்கள்தான். ஆனால் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாது. பஸ் படிக்கட்டில் ஏறக் கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. சமதளத்தில் நடப்பது தொடைத்தசைக்குப் பெரிய வேலை கொடுப்பதில்லை. அந்தத் தசை கரைந்தால்தான் குளியலறையில் விழுவது, இடுப்பு எலும்பு முறிவது எல்லாம்.

கரைவதற்கு வயது மட்டும் காரணமில்லை. 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அதே ஐந்து பேரை 30 வருடம் கழித்துத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். அந்த மூன்று வாரப் படுக்கை அவர்கள் உடம்பின் உழைக்கும் திறனைக் குறைத்த அளவுக்கு, 30 வருட வயது குறைக்கவில்லை! நம் வீடுகளில் பாசத்தால் என்ன செய்கிறோம்? "அப்பத்தா, நீ சும்மா உட்காரு, நான் எடுத்துத் தாரேன்." ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் ஒரு மாதம் கட்டில். பிள்ளைகள் செய்வது நல்ல மனதோடுதான், ஆனால் கெடுதல்.

போன வலு திரும்புமா என்று கேட்பீர்கள். மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரின் குழு பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 100 பேரைச் சேர்த்து, 1994-ல் முடிவை வெளியிட்டது. சராசரி வயது 87. ஒரு பகுதியினருக்கு 10 வாரம், வாரம் மூன்று நாள், கால் தசைகளுக்கு எடை வைத்த பயிற்சி. அவர்களின் தசை வலு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. அதே ஆய்வில் பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் கொடுக்கப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு வலு கூடவில்லை. டப்பா டப்பாவாகச் சத்துமாவு வாங்கி அடுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்காகச் சாப்பாடு முக்கியமில்லை என்று அர்த்தமில்லை. நம் ஊரில் வயதானவர் தட்டைப் பாருங்கள். காலையில் இட்லி, மதியம் ரசம் சோறு, ராத்திரி கஞ்சி. பல் இல்லை, செரிக்காது என்று கறியும் பயறும் முதலில் நின்றுபோகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. 60 கிலோ என்றால் ஏறக்குறைய 50 கிராம். முதியவர்களுக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும் என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு. கஞ்சியும் ரசமும் பாதிகூடத் தராது. ஒரு முட்டையில் 6 கிராம். குழைய வேகவைத்த மொச்சை, சுண்டல், கெட்டித் தயிர், அயிரை மீன் குழம்பு இதெல்லாம் பல் இல்லாதவர்களும் சாப்பிடக்கூடியதுதானே? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

அப்புறம், தூங்கா நகரம் என்பதால் ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு நேராகப் படுக்கைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. 2013-ல் 60 வயது தாண்டிய 10 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. சின்ன ஆய்வுதான். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தைக் குறைத்தது. ஒரேயடியாக 45 நிமிடம் நடந்தது அதைச் செய்யவில்லை. காசா பணமா, தெருமுனை வரை போய்வாருங்கள்.

பேச்சு போதும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12-க்கும் பெண்கள் 11-க்கும் கீழே வந்தால், கால் வலு போதாது, விழும் அபாயம் உண்டு என்று கணக்கு. மூட்டு மாற்றியவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் இப்போது எழ வேண்டாம், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். மற்றவர்கள் தயாரா? ஓட்டுநர்கள் இந்தப் பக்கம், நடத்துநர்கள் அந்தப் பக்கம்.