உபின் கல்லும் பெட்ரா பிராங்கா விளக்கும்

வணக்கம் மக்களே! சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுல இருக்கேன், பழைய கல் குவாரி ஓரத்தில். பின்னால் தெரிகிறது ஏரி இல்லை, கருங்கல் வெட்டிய பள்ளம், இப்போது தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. இந்தப் பாறையைக் கிட்டே காட்டுகிறேன் பாருங்கள், சாம்பல் நிறத்தில் கறுப்புப் பொட்டுப் பொட்டாக. இந்தத் தீவில் வெட்டிய கல்லைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்த்தான் கடல் நடுவே பெட்ரா பிராங்கா என்ற பாறையில் ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டினார்கள். பெட்ரா பிராங்கா என்றதும் பலருக்கு அது யாருக்குச் சொந்தம் என்று சிங்கப்பூரும் மலேசியாவும் மோதிய நீதிமன்ற வழக்குதான் ஞாபகம் வரும். என்னைக் கேட்டால் அந்த வழக்கே இந்த விளக்கு போட்ட முடிச்சுதான்.

சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல் மைல். நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர், பறவை எச்சத்தில் வெளுத்த ஒரு பாறை, அவ்வளவுதான். ஆனால் அது நிற்கிற இடம் சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசல், இந்த நீரிணை வழியே சீனாவுக்குப் போகிற கப்பலெல்லாம் அதைத் தாண்டித்தான் போகணும், ராத்திரியில் பாறை கண்ணுக்குத் தெரியாது. ஜேம்ஸ் ஹோர்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடல்வழி வரைபடம் தயாரித்தவர். அவர் 1836இல் இறந்ததும், அவர் பெயரில் ஒரு விளக்கு வைக்கணும் என்று சீனாவின் கான்டன் நகரத்து வணிகர்கள் பணம் திரட்டினார்கள். எங்கே வைப்பது என்ற பேச்சு பல வருஷம் இழுத்தது, அதை விடுங்கள்.

கட்டியவர் ஜான் டர்ன்புல் தாம்சன், அரசாங்க நில அளவையாளர், வயசு முப்பதுகூட ஆகவில்லை. 1850 மே 24, விக்டோரியா மகாராணி பிறந்தநாளில் அடிக்கல். இங்கே சீனக் கல் தச்சர்கள் கல்லைக் கொத்திச் செதுக்கித் தர, அங்கே கொண்டுபோய் இறக்கி அடுக்கணும். சொல்லத்தான் சுலபம். வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் அந்தப் பாறையில் யாரும் தங்கி வேலை செய்ய முடியாது, மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி, கடல் அடங்கிய பிறகு மறுபடி போகணும். அப்படி இருந்தும் 1851 அக்டோபர் 15ஆம் தேதி விளக்கை ஏற்றிவிட்டார்கள்! அப்புறம் தாம்சன் நியூசிலாந்து போய் அங்கே முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். மேற்கே புலாவ் சத்துமுவில் இருக்கிற ராஃபிள்ஸ் விளக்கு இதற்குச் சில வருஷம் கழித்து வந்தது, அந்த வேலையில் நம் இந்தியக் கைதிகளின் உழைப்பு உண்டு. அதைத் தனி வீடியோவாகவே போடணும்.

சரி, வழக்குக்கு வருவோம். 1979இல் மலேசியா ஒரு வரைபடம் வெளியிட்டது, அதில் பாறை அவர்களுடையது. சிங்கப்பூர் 1980இல் எதிர்ப்புத் தெரிவித்தது. கடைசியில் ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றம். நம் பக்கம் துணைப் பிரதமராக இருந்த எஸ். ஜெயகுமார், டாமி கோ எல்லாரும் போய் வாதாடினார்கள். தீர்ப்பு 2008 மே 23. ஆரம்பத்தில் பாறை, இப்போது மலேசிய மாநிலமாக இருக்கிற ஜொகூருடையதுதான் என்று நீதிபதிகளே சொன்னார்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறோம். ஆனால் 1953இல் சிங்கப்பூர் கேட்டதற்கு, பெட்ரா பிராங்காவுக்கு உரிமை கோரவில்லை என்று ஜொகூர் அதிகாரி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அதோடு, பாறைப் பக்கம் விபத்துக்குள்ளான கப்பல்களை விசாரித்தது, அங்கே யார் வரலாம் என்று அனுமதி கொடுத்தது, எல்லாம் சிங்கப்பூர். விளக்கை வைத்து நடத்தினால் மட்டும் பாறை சொந்தமாகிவிடாது, சொந்தக்காரன் மாதிரி நடந்துகொண்டாயா என்பதுதான் கேள்வி. 12க்கு 4 என்ற கணக்கில் பாறை சிங்கப்பூருக்கு, பக்கத்திலேயே இருக்கிற மிடில் ராக்ஸ் என்ற பாறைகள் மலேசியாவுக்கு. 2017இல் மலேசியா மறுஆய்வு கேட்டு, அடுத்த வருஷமே வாபஸ் வாங்கியது.

இப்போது அங்கே விளக்குக் காவலர் கிடையாது, 1988லேயே தானியங்கி ஆக்கிவிட்டார்கள், சூரிய சக்தியில் ஓடுகிறது. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட அதே கல் கோபுரம்தான், பத்து வினாடிக்கு ஒருமுறை மின்னும். படகு பிடித்துப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள், அனுமதி இல்லாமல் கரையேற விடமாட்டார்கள். உபின் கல்லைப் பார்க்கணும் என்றால் சாங்கியில் பம்போட் என்கிற சின்னப் படகில் ஏறுங்கள், பன்னிரண்டு பேர் சேர்ந்தால் உடனே கிளம்பிவிடும்.