அடைத்து வைத்த நான்கு துளைகள்
வணக்கம். மண்டபம் வடகடல் கரையில் நின்று பேசுகிறேன். பின்னால் கேட்பது கலப்பத்து அடிக்கும் சத்தம், அதாவது பலகை இடுக்குகளில் நீர் கசியாமல் அடைக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் அல்லவா? இந்த 61 நாளுக்குள் கரையேற்றிய விசைப்படகுகளின் மராமத்தை முடித்தாக வேண்டும்.

கேமராவைப் படகுக்குள் இறக்குகிறேன், பாருங்கள். இன்ஜின் உட்காரும் கட்டை இது. போல்ட்டுக்குப் பக்கத்தில் வட்டமாக வெளிறிய மரம் தெரிகிறதா? அதுவும் துளைதான். முளை அடித்து அடைத்திருக்கிறோம். இப்படி நான்கு. சித்தப்பாவின் படகு இது. போன வருடம் புது இன்ஜினுக்குப் பணம் கட்டியதும், விற்றவர்கள் வரைபடத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். படகு கட்டும் தச்சரான ஓடாவி அண்ணன் அந்த அளவு பிசகாமல் துளைத்தார். இன்ஜினை இறக்கினால் கால்கள் 40 மில்லிமீட்டர் தள்ளி நிற்கின்றன! இடையில் மாடலைத் திருத்தியிருக்கிறார்கள். திருத்திய வரைபடம் எங்களுக்கு வரவே இல்லை. தடை முடிந்து மற்றவர்கள் கடலுக்குப் போக, நாங்கள் ஒன்பது நாள் கரையில் கிடந்தோம். பழி அண்ணன் தலையில் விழுந்தது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரிய கப்பல் கட்டும் தளங்களில் முதலில் கணினியில்தான் கப்பல் எழும்புகிறது, முப்பரிமாணத்தில். இன்ஜின், பம்பு, வால்வு தருகிறவர்கள் தங்கள் பொருளின் மாதிரியை அனுப்புகிறார்கள். அதை உள்ளே வைத்துப் பார்த்து, எந்தக் குழாய் எதில் இடிக்கிறது என்பதைத் தகடு வெட்டும் முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு மென்பொருள் வைத்திருப்பார்கள் என்பதால், பல மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொது வடிவம் ஒன்று உண்டு: ஸ்டெப். ஐஎஸ்ஓ 10303 என்ற தரநிலை அது. முதல் பகுதிகள் 1994-இல் வெளியாயின. கப்பலுக்கென்றே பின்னர் தனிப் பகுதிகளும் வந்தன.

முழு வடிவமைப்பையும் கொடுத்தால் நகலெடுத்துவிடுவார்களே என்று இன்ஜின்காரர்கள் தயங்குவது நியாயம்தான். ஆனால் பிஸ்டனின் ரகசியம் ஓடாவிக்கு எதற்கு? வெளி அளவு, போல்ட் துளைகளின் இடம், எடை, அந்த எடையின் மையம், குழாய்கள் சேரும் இடம், இவை போதும். எடையின் மையம் தெரியாமல் வைத்தால் படகு ஒருபக்கம் தாழும். இன்ஜினின் கால் இடம் தப்பினால் கியர்பாக்ஸும் புரொப்பெல்லர் தண்டும் ஒரே கோட்டில் சேராது. தண்டு அதிரும், அது வெளியேறும் இடத்தில் கடல்நீர் கசியும்.

இந்தக் கரையில் யாரும் விலையுயர்ந்த மென்பொருள் வாங்க வேண்டாம். எத்தனையாவது திருத்தம் என்ற எண்ணும் தேதியும் போட்ட ஒரு பிடிஎஃப், இரு தரப்பும் திறக்கக்கூடிய ஒரே இடத்தில் இருக்கட்டும். மாற்றினால் அங்கேயே மாற்றுங்கள், பழையதை எடுத்துவிடுங்கள், மாற்றியதைப் போனில் சொல்லுங்கள். நூறு செய்திகளுக்கு மேலே போய் மறைந்துவிட்ட ஒரு படத்தை நம்பி மரத்தில் கைவைக்க முடியாது.

இன்று காலை பக்கத்துப் படகுக்கு வரைபடம் வந்தது. ஓரத்தில் ‘திருத்தம் 3’ என்றிருக்கிறது. விற்றவரை அழைத்து, வரப்போகிற இன்ஜினுக்கும் இதேதானா என்று கேட்டேன். வரிசை எண்ணைப் பார்த்து மாலைக்குள் சொல்வதாகச் சொன்னார். அதுவரை அண்ணன் துளைபோடும் மெஷினைத் தொடவில்லை. அதோ, சுக்கானைச் சீவிக்கொண்டிருக்கிறார்.