ருட்மானின் ‘வீக்கெண்ட்’: ஒலியைக் கத்திரியால வெட்டின கதை

வணக்கம். ஸ்க்ரீன் கருப்பா இருக்கேன்னு போனைத் தட்டாதீங்க, வேணும்னுதான் வச்சிருக்கேன். 1930 ஜூன் 13, பெர்லின் ரேடியோவுல ஒலிபரப்பான ‘வீக்கெண்ட்’ இப்படித்தான்: ஃபிலிம்ல எடுத்தது, ஆனா ஒரு படம்கூடக் கிடையாது. ஜெர்மன் சினிமா இயக்குநர் வால்டர் ருட்மான் செஞ்சது, 11 நிமிஷம் சொச்சம். ரம்பம், டைப்ரைட்டர், சர்ச் மணி, பாதியில அறுந்துபோற பேச்சு. வேலை, ஓய்வு, ஊருக்கு வெளியே ஒரு பயணம், திரும்ப வேலை.

ஏன் ஃபிலிம்? மெழுகுத் தட்டுல பதிஞ்சா வெட்டி ஒட்ட முடியாது. மேக்னட்டோஃபோன்ங்கிற டேப் ரெக்கார்டர் வெளியில வந்ததே 1935-லதான். ஃபிலிமோட ஓரத்துல ஒலி வெளிச்சக் கோடா பதியும், அதைக் கத்திரியால வெட்டலாம்.

கணக்கைப் பாருங்க. 35 எம்.எம். ஃபிலிம், செகண்டுக்கு 24 ஃபிரேம், ஒரு ஃபிரேம் 19 மி.மீ. அப்போ ஒரு செகண்ட் 456 மி.மீ. அரை செகண்ட் ரம்பச் சத்தம்னா கிட்டத்தட்ட 23 செ.மீ. துண்டு. தாளத்தை ஸ்கேல் வச்சே அளக்கலாம்! மொத்தப் படைப்பும் சுமார் 300 மீட்டர்.

சிக்கல் ஒட்டுற இடத்துலதான். ரெண்டு துண்டோட கருமையும் ஒண்ணா இருக்காது. ஃபிலிம் வழியா போற வெளிச்சம்தான் சத்தமா மாறுது, அது சட்டுனு மாறினா ஸ்பீக்கர்ல ‘டப்’. இதுக்கு வைத்தியம், பாசிட்டிவ் பிரிண்ட்டா இருந்தா ஒட்டு மேல கருப்பு மையால டைமண்ட் வடிவத்துல ஒரு பொட்டு. வெளிச்சம் படிப்படியா குறைஞ்சு ஏறும், சத்தம் அமுங்கிடும். பொட்டு 1 செ.மீ. நீளம்னா 22 மில்லிசெகண்ட், காதுக்குத் தெரியாது. 5 செ.மீ. தீட்டினா நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி கேட்கும். நெகட்டிவ்ல நேர்மாறு: அங்க மை பூசக் கூடாது, துளை போடணும், பிரிண்ட்ல அது கருப்பா வரும்.

ஆடாசிட்டிங்கிற இலவச ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேர்ல நீங்களே செய்யலாம். தெருச் சத்தம் பத்துப் பன்னிரண்டு எடுங்க. துண்டை செலக்ட் பண்ணி இசட் கீயைத் தட்டினா ரெண்டு முனையும் அலை பூஜ்யத்தைக் கடக்குற இடத்துக்கு நகரும். அப்பவும் ‘டிக்’னு கேட்டா முனையில 5 மில்லிசெகண்ட் ஃபேட், அதாவது சத்தத்தைப் படிப்படியா ஏத்துங்க, இறக்குங்க. ஒரு சத்தம் குறையும்போதே அடுத்தது ஏறுற கிராஸ்ஃபேடை அரை செகண்டுக்கு இழுக்காதீங்க, எல்லாம் கூழாயிடும்; ருட்மானோட வெட்டு கத்தி மாதிரி இருக்கும், அழகே அதுலதான். இன்னொண்ணு, ஃபேன் ஓடுற ரூம்ல எடுத்த துண்டையும் மொட்டைமாடித் துண்டையும் பக்கத்துல வச்சா பின்னணி இரைச்சல் மாறி ஒட்டைக் காட்டிக்கொடுத்துடும். நடுவுல பலமான ஒரு அடிச் சத்தத்தை வைங்க, காது அந்தப் பக்கம் போயிடும்.