புதுக் கம்ப்யூட்டர் வந்தாச்சு, பழையதை இன்னும் அழிக்கவில்லை

வணக்கம். மேசையைப் பாருங்கள், இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இடது பக்கம் இருப்பது ஒன்பது வருடமாக என்னோடு உழைத்த பழையது. வலது பக்கம் இருப்பது, பாகங்களை வாங்கி நானே பூட்டிய புதியது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கம்ப்யூட்டரின் பிராசஸர் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. அதனால்தான் மாறினேன்.

என்ன வாங்கினேன் என்று இன்றைக்குக் காட்டப் போவதில்லை. மாறிய அந்த ஐந்து நாளில் எங்கெல்லாம் மாட்டிக்கொண்டேன், எப்படி வெளியே வந்தேன் என்று சொல்கிறேன். கடைசியில் அப்பாவின் ஒரு ஃபைலைப் பற்றிச் சொல்வேன், அதற்காகத்தான் இந்த வீடியோவே.

முதல் நாள். எல்லாம் பூட்டி, சுவிட்சைப் போட்டேன். மின்விசிறிகள் சுற்றுகின்றன, திரை கறுப்பாகவே இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்பதைத்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில் இருக்க வேண்டும், மேலே மதர்போர்டில், அதாவது பாகங்களெல்லாம் மாட்டப்படும் பெரிய பலகையில், இருக்கும் துளையில் அல்ல. என்னுடையது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் படம் வரவில்லை. இதோ, கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். மதர்போர்டின் ஓரத்தில் வரிசையாக நாலு சின்ன விளக்குகள் தெரிகிறதா? அதில் ராமுக்கு, அதாவது தற்காலிக நினைவகத்துக்கு, உரிய விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. ராம் கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்தேன். கழற்றி மாட்டினேன், மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தேன். மூன்று முறை.

நான் செய்த தப்பு அந்த அணைத்ததுதான். டிடிஆர் 5 என்ற புது வகை ராமை முதன்முதலாகப் போடும்போது, அது எந்த வேகத்தில், எந்த மின்னழுத்தத்தில் ஒழுங்காகப் பேசும் என்று மதர்போர்டு சோதித்துப் பார்க்கும். அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. நான் ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்தியதால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நாலாவது முறை போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் படம் வந்திருந்தது. புது கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றால் ஒரு பதினைந்து நிமிடமாவது கைவைக்காமல் விடுங்கள். ராம் இரண்டு குச்சி என்றால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது துளைகளில் போடுங்கள். நாலு துளை உள்ள பெரும்பாலான போர்டுகளில் அதுதான் சரியான இடம். உங்கள் போர்டின் கையேட்டிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விண்டோஸ் போடும்போது இணையம் கேட்டது. வைஃபையை இயக்க வைக்கும் மென்பொருளான டிரைவர் அதில் இல்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இதற்குச் சுலபமான வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். ஃபோன் ஒரு நெட்வொர்க் கார்டு போல வேலை செய்யும். எனக்கு அரை நிமிடத்தில் வேலை முடிந்தது.

மானிட்டரையும் ஒருமுறை பாருங்கள். நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டராக இருந்தும் என்னுடையது 60-இலேயே ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்பிளே செட்டிங்ஸின் உள்ளே போய் நாமேதான் மாற்ற வேண்டும்.

சரி, ஃபைல்களுக்கு வருவோம். என்னிடம் இருப்பது பெரும்பாலும் வீடியோ. வெளி ஹார்டு டிஸ்கில் போடும்போது, நிறைய இடம் காலியாக இருந்தும் ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று மறுத்தது. டிஸ்க் ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தது. அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்ததும் பிரச்சினை தீர்ந்தது. ஃபார்மேட் செய்தால் டிஸ்கில் இருப்பதெல்லாம் போய்விடும், அதனால் காலி டிஸ்கில் மட்டும் செய்யுங்கள். கிளவுடில் சேர்ந்திருக்கும் ஃபோல்டர்களிலும் கவனம் வேண்டும். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அந்த ஃபைல் உங்கள் டிஸ்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. பழைய டிஸ்கைக் கழற்றிப் புதியதில் மாட்டி அதைத் திறக்கப் பார்த்தால் திறக்காது. முதலில் பழைய கம்ப்யூட்டரிலேயே அவற்றை முழுதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

குரோம், எட்ஜ் போன்ற பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அப்படித்தான். அந்த ஃபோல்டரை அப்படியே தூக்கி வந்து வைத்தால் பாஸ்வேர்டுகள் வராது. அவை பழைய விண்டோஸின் உங்கள் பயனர் கணக்கோடு பூட்டப்பட்டவை. பழையது ஓடும்போதே சிங்க் செய்துகொள்ளுங்கள், அல்லது ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்றுமதி ஃபைலில் பாஸ்வேர்டெல்லாம் பச்சையாகத் தெரியும், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸைத் திறந்து வைத்து ஒப்பிட்டேன். ஃபைல்களின் எண்ணிக்கை சரி. பைட் கணக்கு, கடைசி இலக்கம் வரை சரி. பழையதை அழித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். என்ன தோன்றியதோ, ஃபோல்டருக்கு ஒரு ஃபைல் என்று திறந்து பார்த்தேன்.

அப்படித்தான் அப்பாவின் ஃபைலைத் திறந்தேன். தாத்தாவைப் பற்றித் தனக்கு ஞாபகம் இருந்ததையெல்லாம் அப்பா பல வருடங்களுக்கு முன் உட்கார்ந்து அடித்து வைத்தது. 83 பக்கம். முதல் வரியில் 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்று ஆங்கில எழுத்துகள். இதோ திரையில் பாருங்கள். 83 பக்கமும் இப்படியே இருக்கிறது.

ஃபைல் கெட்டுப்போய்விட்டதோ என்று கை நடுங்கிவிட்டது. ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா அதைப் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அந்தக் காலத்து எழுத்துருக்களில் ஃபைலுக்குள் தமிழே இருக்காது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எம் வரும் இடத்தில் 'அ' படத்தையும், கே வரும் இடத்தில் 'ம' படத்தையும் எழுத்துரு வரைந்து காட்டும். அரைப்புள்ளி புள்ளியாகும், ஹெச் துணைக்காலாகும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் எம், கே, ஹெச். இன்றைய யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது முறையில், தமிழுக்கென்றே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதில் 'அ' என்றால் எந்தக் கம்ப்யூட்டரிலும் 'அ'தான்.

நான் டாக்குமென்ட்ஸ், படங்கள், வீடியோ எல்லாம் எடுத்தேன். எழுத்துருக்கள் இருக்கும் ஃபோல்டர் விண்டோஸின் உள்ளே தனியாக இருக்கிறது, அதை எடுக்கவில்லை. பழையது அழியாமல் இருந்ததால், அதிலிருந்து அந்த ஒரு சின்ன எழுத்துரு ஃபைலை எடுத்து வந்து இங்கே நிறுவினேன். மறுபடி திறந்தேன். அம்மா.

எழுத்துரு இணையத்தில் கிடைக்குமே என்று நீங்கள் கேட்கலாம். பாமினி கிடைக்கும். ஆனால் எந்த எழுத்துரு என்று தெரிந்தால்தானே தேட முடியும்? அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருக் குடும்பத்துக்கும் ஒவ்வொரு அமைப்பு. உங்கள் வீட்டிலும் அப்பாவோ அத்தையோ பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கடிதம், கவிதை, கணக்கு ஏதாவது இருக்கும். தயவுசெய்து இன்றைக்கே திறந்து பாருங்கள். பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே அதை ஒரு பிடிஎஃப் ஆகவும் சேமித்து வையுங்கள், பார்ப்பதற்காவது இருக்கும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நாலாவது நாள் புதியதில் பயாஸை, அதாவது விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் மென்பொருளை, அப்டேட் செய்தேன். உடனே நீலத் திரை வந்து, டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்பு எண்ணைக் கேட்டது. 48 இலக்கம். பூட்டு போட்டது எனக்கே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோது டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. மீட்பு எண் அதே கணக்கில் இருந்தது, ஃபோனில் திறந்து ஆறு ஆறு இலக்கமாகப் பார்த்து அடித்தேன். அந்தக் கணக்கில் நுழையவே முடியாமல் போயிருந்தால் டிஸ்கைத் திறக்கவே முடிந்திருக்காது. அந்த எண்ணை இன்றைக்கே காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் கைவைப்பதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்.

இப்போது அப்பாவின் ஃபைலை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, ஒட்டினால் நொடியில் மாற்றிவிடும். ஆனால் அப்பா நடுநடுவே ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப் பெயர்கள், ரயில் பெயர்கள் எல்லாவற்றையும் அது பாமினி என்று நினைத்துத் தமிழ் எழுத்துகளாகக் குழப்பிவிடுகிறது. அதனால் பழைய கம்ப்யூட்டரில் மூல ஃபைலைத் திறந்து வைத்து, வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்துகிறேன். முப்பத்தொரு பக்கம் முடிந்திருக்கிறது. மீதி ஐம்பத்திரண்டு பக்கமும் முடிகிறவரை இந்தப் பழையது இந்த மேசையிலேயேதான் இருக்கும்.