அம்மா அப்பாவோடு நான்கு ஊர்: ஒரு நீலகிரிச் சுற்று

நேயர்களுக்கு வணக்கம்.

வயதான பெற்றோரை நீலகிரிக்கு அழைத்துப் போய்விட்டு வந்த வீடுகளில் பேச்சு எப்படிப் போகும் என்று கவனித்திருப்பீர்கள். பிள்ளைகள் பார்த்த இடங்களை வரிசையாகச் சொல்வார்கள். அம்மாவோ, "குன்னூர் லாட்ஜுல எத்தனை படிம்மா!" என்பார். அப்பா, "வண்டியில தலை சுத்துனதுதான் ஞாபகம் இருக்கு" என்று முடித்துவிடுவார். எழுபது வயதை நெருங்கியவர்களுக்கு மலைப் பயணம் கெடுவது பெரும்பாலும் முதல் நாளில்தான். அன்றைக்கு வந்த அசதியும் வாந்தியும் மூச்சிரைப்பும் மிச்ச நாட்களையும் தின்றுவிடும். ஆகவே எந்த ஊருக்கு முதலில் போவது, எங்கே தங்குவது என்ற வரிசையைச் சரியாகப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850. உதகை 2,240. நம்மில் பலர் என்ன செய்கிறோம்? காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, நேரே உதகைக்கு ஏறி, மதியமே பூங்கா, ஏரி என்று நடக்கிறோம். உதகையில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் கால் பங்கு குறைவு. இளவட்டத்துக்கு இது தெரியவே தெரியாது. பெரியவர் பத்துப் படி ஏறினதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அன்று இரவு தூக்கமும் சரியாக வராது. முதல் இரவைக் குன்னூரில் கழியுங்கள். அடுத்த இரண்டு இரவு உதகை. இறங்கும்போது கோத்தகிரி வழி. சுற்றுப்பாதை மொத்தமே 115 கிலோமீட்டர் அளவுதான், அவசரப்பட ஒன்றுமில்லை. சமீபத்தில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ ஆனவர்கள், நுரையீரல் நோய்க்கு இன்ஹேலர் எடுப்பவர்கள், இருதயம் பலவீனமாக இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் தங்கள் டாக்டரிடம் "2,200 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம்" என்று எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். வெறுமனே "ஊட்டிக்குப் போகலாமா?" என்று கேட்டால், "போயிட்டு வாங்க" என்றுதான் பதில் வரும்.

அடுத்து, எதில் ஏறுவது. மலை ரயில் என்றால் பெரியவர்களுக்கு ஆசைதான். நியாயமான ஆசை. குன்னூர் வரை 1899-இலும், உதகைக்கு 1908-இலும் வந்த பாதை அது. யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். 12 அடி போனால் 1 அடி உயரும் சரிவு அது. எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போவதால், முன் பெட்டியில் புகை குறைவு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் வண்டியின் வசதிக் குறைவுகளையும் சொல்லிவிட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பினால் உதகை சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பெட்டியில் கழிவறை கிடையாது. ஏறும் படி உயரம், இருக்கை நெருக்கம், முழங்காலை நீட்ட இடமில்லை. நடுவில் ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது இறங்கிக்கொள்ளலாம். அப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். வண்டி நின்றதும் முதலில் அம்மாவைக் கழிவறைக்கு அழைத்துப் போங்கள், டீ பிறகு. கையில் தின்பண்டப் பொட்டலம் வேண்டாம், குரங்குகள் காத்திருக்கும். நீர் மாத்திரை, அதாவது சிறுநீரை அதிகம் போக வைக்கும் மாத்திரை, சாப்பிடுகிறவர்கள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினால் அந்தப் பயணம் தண்டனையாகிவிடும். அன்றைக்கு மட்டும் நேரத்தை மாற்றலாமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். தாமாக நிறுத்தவும் கூடாது.

ஐந்து மணி நேரம் உட்கார முடியாதவர்களுக்கு நல்ல மாற்று இருக்கிறது. குன்னூருக்குக் காரில் வந்து தங்கிவிட்டு, மறுநாள் குன்னூரிலிருந்து உதகைக்கு மட்டும் ரயிலில் போங்கள். 19 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன நிலையங்கள். கேத்திப் பள்ளத்தாக்கு இந்தத் துண்டில்தான் விரியும். பல்சட்டமும் நீராவி எஞ்சினும் இதில் இல்லை, டீசல்தான் இழுக்கும். இருந்தாலும் அறுபது வயதுக்கு மேல் என்றால் நான் முழுப் பாதையைவிட இதைத்தான் சொல்வேன். முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும், மே மாதச் சீசன் டிக்கெட் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து ரயில் ரத்தாவது வாடிக்கை. அக்டோபர், நவம்பரில் ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சாலையில் ஏறுகிறவர்களுக்கு: சொந்த வண்டி, வாடகை வண்டி எதுவானாலும் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. சோதனைச் சாவடியில் போய் நின்றுகொண்டு போனில் பதிவு செய்யலாம் என்று நினைத்தால், வெயிலில் பெரியவர் வண்டிக்குள் வேக வேண்டியதுதான்.

பர்லியாறு வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். குமட்டல் வருவது வயிற்றால் அல்ல. காது உடம்பு திரும்புவதை உணர்கிறது, கண்ணோ முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வருகிற தொல்லை அது. அதனால் அப்பாவை டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள், பார்வை தூரச் சாலையில் இருக்கட்டும். காலையில் வெறும் வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது. இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி முன்னால் போட்டால்தான் வேலை செய்யும், வளைவில் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். இன்னொன்று, பிராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்களுக்கு இந்த மாத்திரைகளில் சில சிறுநீரை அடைத்துவிடும். மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: "அவசரமில்லண்ணா, ரெண்டு மணி நேரம் ஆனாலும் பரவாயில்ல."

தங்கும் இடம். இங்கேதான் ஏமாறுகிறோம். நீலகிரியில் கட்டிடங்கள் சரிவில் நிற்பவை. வாசல் சாலை மட்டத்தில் இருக்கும், அறையோ அங்கிருந்து இரண்டு மாடி கீழே இருக்கும். போனில் "கிரவுண்ட் ஃப்ளோர்தான் சார்" என்பார்கள், அவர்கள் கணக்கில் அது உண்மைதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி? கைப்பிடி இருக்கிறதா? கழிவறை மேற்கத்திய வகையா, வென்னீர் எத்தனை மணிக்கு வரும், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். குன்னூரில் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் கீழ்க் குன்னூரில். பெட்ஃபோர்டு, சிம்ஸ் பூங்கா பக்கம் மேல் குன்னூர். பெரியவர்களோடு மேல் குன்னூரில் தங்குவதே வசதி.

அறைக்குள் நடக்கும் விபத்துகள் எல்லாம் இரவில்தான். குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு படுப்பார்கள், விடியற்காலை மூன்று மணிக்குக் கழிவறைக்கு எழுந்தால் மரத்தரையிலும் டைல்ஸிலும் காலுறை வழுக்கும். கட்டிலுக்குக் கீழே ரப்பர் அடி வைத்த செருப்பு இருக்கட்டும், கழிவறை விளக்கு விடிய விடிய எரியட்டும். வென்னீர்ப் பையைத் துண்டில் சுற்றாமல் காலடியில் வைக்காதீர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்குச் சூடு தெரியாது, காலையில் கொப்புளம்தான் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், கரி அடுப்பையோ பார்பிக்யூ தணலையோ அறைக்குள் கொண்டுவரவே கூடாது. மூடிய அறையில் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். மலை வாசஸ்தலங்களில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. குளிர் தாங்கவில்லை என்றால் இன்னொரு கம்பளி கேளுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும் காலையில் குளுக்கோமீட்டர் பிழை காட்டும். மிஷின் கெட்டுவிடவில்லை. பெரும்பாலான கருவிகள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. இரவு அதைப் பெட்டியில் வைக்காமல் கம்பளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விரலும் குளிரில் விறைத்து, குத்தினால் ரத்தம் வராது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் கையை வைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ஈரத்தோடு குத்தினால் ரத்தம் நீர்த்து அளவு குறைத்துக் காட்டும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தமும் சற்று ஏறும், ஆகவே பயண நாட்களில் பி.பி. மாத்திரை தவறவே கூடாது. தாகம் எடுக்காது, கழிவறைக்குப் பயந்து தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். அதிலிருந்து மலச்சிக்கல், தலைசுற்றல், சிறுநீர்த் தொற்று என்று வரிசையாக வரும். வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள், மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது.

பார்க்கும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். உதகை தாவரவியல் பூங்கா 1848-இல் தொடங்கியது, கீழ்ப் புல்வெளி வரை போய் உட்கார்ந்தாலே போதும். குன்னூர் சிம்ஸ் பூங்கா பள்ளத்தில் இறங்கும் தோட்டம். இறங்கும்போது சுகமாக இருக்கும், திரும்பி ஏற வேண்டும் என்பதை அங்கே போய்த்தான் உணர்வார்கள். பாதியில் திரும்பிவிடுங்கள். 2,637 மீட்டர் தொட்டபெட்டாவைத் தயங்காமல் விட்டுவிடலாம். காற்றும் கூட்டமும்தான் அங்கே மிச்சம், பாதி நாள் மேகம் மறைத்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு டீக்கடையில், வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட்டை டீயில் தொட்டுத் தின்றுகொண்டு உட்காருவது மேல். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடே வந்துவிட்டது.

கோத்தகிரி இறக்கம் சாந்தமானது. ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறி, பிடிப்பு குறையும், கருகல் வாடை வரும். வாடை வந்தால் ஓரம் கட்டி ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

இனி, திரும்பி வந்த பிறகு. உண்மையில் இந்த வேலையைப் புறப்படும் முன்பே தொடங்க வேண்டும். பல குடும்பங்களில் அம்மா அப்பா கல்யாணமான புதிதில் ஊட்டியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கும். அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரியும், சில சமயம் தேதியும். அந்தப் படத்தின் பிலிமே உதகையில் செய்ததாகவும் இருக்கலாம். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1960-இல் தொடங்கப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. ஆலை மூடி ஆண்டுகள் ஆகிவிட்டன. படத்தைப் போனில் பிடித்து எடுத்துப் போனால், அதே இடத்தைத் தேடி நிற்கும்போது பெரியவர்கள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள்.

அந்தப் பேச்சை அன்றன்றைக்கு, இரவு சாப்பாடு முடிந்ததும் பதிவு செய்துவிடுங்கள். வீடியோ வேண்டாம், கேமராவைக் கண்டால் அம்மா தலையைச் சரி செய்துகொண்டு செய்தி வாசிப்பார். போனில் குரல் பதிவு போட்டு மேசையில் கவிழ்த்து வையுங்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்தது. "அப்போ எந்த பஸ்ல வந்தீங்க, டிபன் எங்க சாப்பிட்டீங்க, ஸ்வெட்டர் யாருது?" என்று பொருளைப் பிடித்துக் கேளுங்கள். பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, ஊர், பேசுகிறவர் பெயர் மூன்றையும் நீங்கள் சொல்லிவிடுங்கள். பின்னால் கோப்பின் பெயர் மாறினாலும் குரலுக்குள்ளேயே விவரம் இருக்கும்.

பழைய படங்களைப் படி எடுக்கும்போது ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்து, பிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுங்கள். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், மேல்பூச்சு உரிந்துவிடும். மேல் பிளாஸ்டிக்கை மட்டும் மெல்ல விலக்கி, இருந்த இடத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். படத்தில் இருப்பவர்களின் பெயரை அம்மாவைக் கேட்டு, பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தம் முன்பக்கம் வரை தடம் போடும், மையும் ஊறும். போனிலும் வேறொரு பென் டிரைவிலுமாக இரண்டு பிரதி இருக்கட்டும். அந்த பென் டிரைவ் உங்கள் வீட்டில் இல்லாமல், உடன்பிறந்தவர் வீட்டில் இருப்பது நல்லது.

நன்றி, வணக்கம்.